அதிமதுரம்: 3 வருடம் பயன்படுத்திய அனுபவம்

நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஐந்து பீரியட் எடுத்தால் சாயங்காலம் குரல் கம்மிவிடும். பாட்டு சொல்லிக்கொடுக்கும் சித்திதான் அதிமதுரத்தைப் பழக்கிவிட்டார். நாட்டு மருந்துக் கடையில் குச்சியாகத்தான் வாங்குவேன், பொடி வேண்டாம். குன்றிமணிக் கொடியின் வேரை இதனுடன் கலந்துவிடுவதுண்டு. பொடித்துவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. நல்ல குச்சியை ஒடித்தால் உள்ளே மஞ்சளாக, நார்நாராக இருக்கும். சின்னத் துண்டை வாயில் அடக்கினால் முதலில் மர வாசம், அப்புறம் மெல்ல ஏறும் தித்திப்பு. கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் அவ்வளவு இதம்.

முதல் இரண்டு வருடம் தேவைப்பட்டபோது மட்டும்தான். மூன்றாவது வருடம் காலையில் கஷாயம், வகுப்புக்கு நடுவே குச்சி என்று நான்கு மாதம் விடாமல் எடுத்தேன். செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்க ஆரம்பித்தது. ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். எப்போதும் 120/80 இருக்கும் பிரஷர் 150/100 காட்டியது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.1, அதாவது குறைவு. "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அதிமதுரத்தை நான் மருந்தாகவே நினைக்கவில்லை! அடுத்த முறை போனபோதுதான் சொன்னேன்.

அந்தத் தித்திப்பைத் தரும் கிளிசிரைசின்தான் காரணமாம். சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் நொதியை அது தடுத்துவிடுகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியே போகும். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர் குழுவின் அறிவுரை. ஆனால் வேருக்கு வேர் அளவு மாறும், வீட்டில் அளக்க முடியாது. நிறுத்திய மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, பிரஷரும் இறங்கியது.

பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தயவுசெய்து இதைத் தவிர்த்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரையோ டிஜாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்களுக்கும் ஆகாது.

நான் இப்போது தொண்டை கட்டினால் மூன்று நாள், ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். அத்தை பிரஷர் மாத்திரை போடுகிறார். அவர் இருமினால் சுக்கும் துளசியும் மட்டும் போட்டுக் கஷாயம் வைக்கிறேன்.