ஐம்பது ரூபாய் அழிறப்பரும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவின் மகன் போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பினான். பாவித்த கிராபிக்ஸ் கார்ட் (கணினியில் படம் காட்டும் வேலையைப் பார்க்கும் அட்டை), ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. கீழே ஒரு வரி: "மாமா, உங்களிடம் இருப்பதும் இதுதானே, வாங்கலாமா?"

கேட்ட நேரம் கூடாத நேரம். அன்று மத்தியானம்தான் அதே கார்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஒரு கை கம்பியில், மறு கை கார்ட் இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி. "வாங்காதே" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டான். அந்த ஏனுக்கு ஆறு வருடக் கதை இருக்கிறது.

என் தொழிலைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும். நான் வீட்டிலிருந்து நினைவு மலர்கள் வடிவமைப்பவன். எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்களே, அது. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அது கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வெறும் கடதாசி. இப்போது மலரோடு வீடியோவும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து கடைசிப் பேரனின் பிறந்தநாள் வரை, பின்னணியில் தேவாரத்தோடு, முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். மண்டபத்திலும் காட்ட வேண்டும், கனடாவில் இருக்கும் மகளுக்கும் அனுப்ப வேண்டும்.

இத்தனையும் 2012இல் பொருத்திய ஒரு கணினியில். இன்டெல் ஐ5-2400 சிப், எச்61 மதர்போர்ட், அதாவது எல்லாப் பாகங்களும் செருகும் தாய்ப்பலகை. கார்ட் இல்லாத காலத்தில் முக்கால் மணி நேர வீடியோவை முடித்து வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. எடுத்த பிறகு ஒரு பெயர் பிழைத்திருந்தால் மறுபடி ஒன்றரை மணி நேரம். பெயர் பிழைக்காத குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. எழுத்து சரியாக இருந்தாலும், மருமக்களின் வரிசையில் யாராவது ஒருவர் தன் இடத்தைவிட்டுக் கீழே இறங்கியிருப்பார்.

2019 கடைசியில், பாவித்த கார்டை 21,000 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினேன். அன்றிரவு அதே வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. வீடியோவைச் சுருக்குவதற்கென்றே கார்டின் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. விளையாட்டுக்காக வாங்கும் பிள்ளைகள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. எனக்கு அது மட்டும்தான் கார்ட். மற்றதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் தகரம்.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. என் பவர் சப்ளையின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது; கையில் எடுத்தால் கால் றாத்தல் பாண் அளவுக்குக்கூடக் கனமில்லை. கார்டுக்கான ஆறு முனை வயரும் அதில் கிடையாது. ஆனால் 1050 டிஐ கேட்பது உச்சமாக 75 வாட். மதர்போர்டில் கார்ட் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் தரக்கூடியதும் அதே 75 வாட்தான். ஆறு முனைப் பொருத்தோடு வந்த தயாரிப்புகளும் உண்டு, என்னுடையதில் இல்லை. செருகினால் போதும், வேறு வயர் வேண்டாம். வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, தனக்கென்று தனியாக ஒன்றும் கேட்காத உறவினர் எத்தனை பேர் நமக்கு வாய்க்கிறார்கள்?

2021இல் உலகம் முழுவதும் கார்ட் தட்டுப்பாடு. 2016இல் 139 டொலருக்கு வந்த இந்தப் பழசையே என்விடியா நிறுவனம் திரும்பவும் சந்தைக்கு விட்ட காலம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர், நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு தருவதாகக் கேட்டார். கொடுக்கவில்லை. அடுத்த வருடம் மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனபோது, மின்சாரம் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து வேலை செய்தேன். பழைய ஒன்றரை மணி நேரக் கணக்காக இருந்திருந்தால் அந்த மாதம் மூன்று குடும்பங்களின் முகத்தில் விழித்திருக்க முடியாது.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி பீப்.

சில நாட்களில் காலையில் கணினியைப் போட்டால் மொனிட்டர் கறுப்பாகவே இருக்கும். பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீண்ட பீப், அதையடுத்து இரண்டு குட்டை பீப். அவார்ட் பயோஸ் (கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) உள்ள பழைய மதர்போர்டின் பாஷையில், படம் காட்டும் பக்கத்தில் கோளாறு என்று பொருள். பாண்கார முச்சக்கர வண்டி தன் இசையோடு ஒழுங்கைக்குள் நுழைவதும் அந்த நேரம்தான். இரண்டும் சேர்ந்து கேட்டால், மனைவி அடுப்படியில் நின்றபடியே "அழிறப்பர் லாச்சிக்குள்" என்பாள்.

மின்வயரைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரத்தைப் போக்க வேண்டும். பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். திருகாணியைக் கழற்றி, ஸ்லொட்டின் ஓரக் கொக்கியை விலக்கிக் கார்டை உருவி, அடியில் இருக்கும் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி செருக வேண்டும். ஒரே ஒரு குட்டை பீப். திரை ஒளிரும். 21,000 ரூபாய்ப் பொருள், பள்ளிப் பிள்ளையின் 50 ரூபாய் அழிறப்பருக்குப் பணிந்து நடக்கும்.

முதலில் எல்லோரையும் சந்தேகித்தேன். ராம் எனும் நினைவக அட்டைகளைக் கழற்றிப் போட்டேன். மதர்போர்டின் வட்ட பட்டரியை மாற்றினேன். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மொனிட்டர் வயரை மதர்போர்டின் சொந்தப் பொருத்தில் செருகினால் கணினி ஒரு குறையும் இல்லாமல் எழும்பியது; ஆகவே குற்றவாளி கார்ட் அல்லது அதன் ஸ்லொட். மற்றவர்கள் விடுதலை. (பின்னொரு நாள் பீப் எதுவும் இல்லாமலே திரை கறுத்தது. அரை மணி நேரம் தேடிய பிறகு பார்த்தால், வயரைத் திரும்பக் கார்டுக்கு மாற்ற மறந்திருந்தேன். கார்ட் செருகியிருந்தால் என் மதர்போர்ட் தன் சொந்தப் பொருத்தை மூடிவிடும். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.)

ஒவ்வொரு முறையும் சுவர்க் கலண்டரில் ஒரு சிவப்பு வட்டம் போட்டுவந்தேன். இரண்டு வருடக் கலண்டர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. வைகாசி முதல் ஆவணி வரை வட்டங்கள். மார்கழி, தையில் ஒன்றுகூட இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று. எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தால் மெரைன் டிரைவ், புகையிரதப் பாதை, அப்புறம் கடல். அந்த ஜன்னலின் கம்பிகளுக்கு வருடம் தவறாமல் துருவைச் சுரண்டிப் பூச்சு அடிக்கிறோம். அதற்குக் கீழே, நல்ல காற்று வரும் என்று கணினி மேசையைப் போட்டவன் நான்தான்.

2024 ஆனியில் ஒரு முப்பதாம் நாள் இரவு. மறுநாள் காலை மண்டபத்தில் வீடியோ ஓட வேண்டும். பதினொரு மணிக்குத் தொலைபேசி: இரண்டாவது மருமகனின் முதலெழுத்து பிழை. திருத்தப் போனேன், நீண்ட பீப், குட்டை பீப், குட்டை பீப். தேய்த்தேன். அதே பாட்டு. மறுபடி தேய்த்தேன். நான்காவது தடவை விரல் நகம் வெடித்தது. கடைசியில் கார்டைக் கழற்றி மேசையில் கிடத்திவிட்டு, பழைய ஒன்றரை மணி நேர வழியிலேயே வீடியோவை எடுத்தேன். கார்டைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடலாமா என்று ஜன்னலருகே போய் நின்றதும் உண்மை. புகையிரதப் பாதையைத் தாண்டியிருக்காது.

இந்த வருடம் கார்டின் மின்விசிறியும் அரைக்கத் தொடங்கியதால்தான் யுனிட்டி பிளாசாவுக்குப் போனேன். திருத்துகிற பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கார்டைப் பார்த்தவன், "அங்கிள், இதை எதால் சுத்தம் செய்கிறீர்கள்?" என்று கேட்டான். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை என் பக்கம் திருப்பினான். பற்களின் நடுவில் பொன்னிறம் இல்லை. செம்பு தெரிந்தது.

அடியில் செம்பு, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேலே தலைமுடியைவிட மெல்லிய தங்கப் பூச்சு. உப்புக் காற்றிலிருந்து காப்பது அந்தப் பூச்சு. அழிறப்பரோ அரமும் சேர்ந்த பொருள். அழுக்கோடு தங்கத்தையும் கொண்டுபோய்விடும். வீட்டுக்கு வந்து கலண்டர்களை எண்ணினேன். முதல் வருடம் நான்கு வட்டம். போன வருடம் பதினேழு. ஒவ்வொரு தேய்ப்பும் அடுத்த பீப்பை அருகில் அழைத்துவந்திருக்கிறது.

பையன் சொன்னதை ஏற்றுக்கொண்டேன், ஆனால் முழுதாக அல்ல. நினைவக அட்டைகளுக்கும் அதே பொன்னிறப் பற்கள், அதே ஜன்னல், அதே உப்பு. அவை இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட என்னை எழுப்பி வைத்ததில்லை. இந்தக் கார்டை உருவாக்கியவர்கள் கனமான வெப்பத் தகட்டை வைத்து, அதை ஒரு முனையில் தொங்கவிட்டு, மின்விசிறியின் அதிர்வையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பழியில் பாதியை நான் எடுக்கிறேன். மீதிக்கு வேறு ஆள் இருக்கிறது.

அவன் ஸ்லொட்டையும் பார்க்க வேண்டும் என்று முழுப் பெட்டியையும் கேட்டான். முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி ஒரு நாளில் திரும்பியது, மின்விசிறிக்காகக் கார்ட் இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மெல்லிய தூரிகையும் கொண்டு இரண்டையும் கழுவி, வெப்பப் பசையை மாற்றி, 4,500 ரூபாய் எடுத்தான். மேசையை உட்சுவருக்கு மாற்றச் சொன்னான். மாற்றிவிட்டேன்.

இனி மருமகனுக்கு. உன் கணினியும் என்னுடையதைப் போல இரண்டாம் தலைமுறை இன்டெல். புதிதாகவே ஒன்றை வாங்குகிறேன் என்று புறப்படாதே. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 2022இல் வந்தது, ஆனால் மதர்போர்டோடு நான்கு தரவுப் பாதைகளில் மட்டும் பேசும். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸை எண்ணிச் செய்த அந்தச் சிக்கனம், நம்முடைய இரண்டாம் தலைமுறை ஸ்லொட்டில் மூச்சுத் திணறலாகிவிடும். வீடியோவைச் சுருக்கும் பகுதியையும் அதில் விட்டுவிட்டார்கள், என்னைப் போன்றவர்களுக்கு அது உதவாது. இன்டெலின் ஆர்க் கார்டுகள் கார்டின் நினைவகம் முழுவதையும் கணினி ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை எதிர்பார்க்கும். நம் போர்டில் அது இல்லை. ஜிடி 1030 மலிவாகக் கிடைத்தால் பெட்டியைத் திருப்பிப் பார்: நினைவகம் ஜிடிடிஆர்5 என்றிருந்தால் சரி, 2018இல் அதே பெயரில் விட்ட டிடிஆர்4 என்றால் நினைவக வேகம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 70 வாட்டில், தனி வயர் கேட்காத 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 நல்ல பொருள். ஆனால் அந்தக் காசுக்கு உன் கணினியைப் போல இரண்டு வாங்கலாம்.

1050 டிஐக்கும் நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. 2025 ஒக்டோபரோடு இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டு டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்கள்) நின்றுவிட்டன. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். அதே 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11ஐ நம் சிப்புகள் முறைப்படி ஏற்காது. ஒரே மாதத்தில் இரண்டு மரண அறிவித்தல். எனக்குத் தொழில் அது, உனக்குத் தேவையில்லை.

அதையெல்லாம் விடு. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்டின் பின்பக்கத்தில் நீல நிற விஜிஏ பொருத்து இருக்கிறது. இந்தத் தலைமுறைச் சிப் அந்தப் பழைய அனலொக் முறையில் படம் அனுப்பாது. அதனால்தான் என் பழைய மொனிட்டருக்கு மாற்றி ஒன்று தனியாக வாங்கினேன். 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் மோசடி பரவலாக நடந்தது. விற்பவரிடம் கணினியில் ஓட்டிக் காட்டச் சொல், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொல். போலி என்றால் அது பெயருக்கு முன்னாலேயே காட்டிவிடும். மறுத்தால் திரும்பி வா.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். நேற்று இரவு பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். என் கார்டைக் கழற்றித் தந்தால், தன் கணினியில் செருகி உண்மையான 1050 டிஐ எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருவானாம்.

கழற்றுவதா? ஒன்பது நாட்களாக ஒரு குட்டை பீப்போடு எழும்புகிறது. வந்தால் தோசை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அந்தப் பெட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது.