கார் கூரையில் நானே செய்த மடக்குக் கூடாரம்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

கூரைக் கூடாரம் செய்வது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். செய்து முடித்து வெயிலும் மழையும் பட்ட பிறகு எது தாங்குகிறது, எது தேய்கிறது என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

என்னுடையது இரண்டு பலகை, நடுவில் பலகையின் விளிம்பு முழுக்க ஓடும் நீளமான பியானோ கீல். ஒரு பாதி, கார் கூரையின் குறுக்கே பூட்டிய கம்பிகளான கிராஸ்பாரோடு போல்ட் போட்டு முடுக்கியது. மறுபாதி புத்தகம் மாதிரி விரிந்து காருக்கு வெளியே நீளும். அதை ஏணி தாங்கும்.

முதலில் எடை. காரின் கையேட்டில் இருக்கும் கூரைச் சுமை வரம்பு, வண்டி ஓடும்போதைக்கானது. பல கார்களில் இது 50 முதல் 100 கிலோதான், பெரும்பாலும் கிராஸ்பாரின் எடையும் இதில் அடக்கம். நிற்கும் வண்டியின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதால்தான் மேலே இரண்டு பேர் படுக்க முடிகிறது. 8க்கு 4 அடி பிளைவுட் 12 மி.மீ. தடிமனில் 20 கிலோவைத் தாண்டிவிடும். நான் 9 மி.மீ. பலகை எடுத்து, அடியில் அலுமினியச் சட்டம் கொடுத்தேன். இன்றுவரை தொய்வில்லை.

உண்மையான தொல்லை ஈரம். மழை வெளியேதான் நிற்கிறது. உள்ளே இரவு முழுக்க விடும் மூச்சுதான் விடியும்போது தண்ணீராகச் சொட்டும். அதிலும் மெத்தையின் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. உடம்புச் சூட்டோடு இறங்கும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு அங்கேயே தங்கும், பூஞ்சை பிடிக்கும். மெத்தைக்குக் கீழே காற்றுப் போக ஒரு முரட்டு வலைப் பாய் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஜன்னல்களை மேலே ஒன்று, கீழே ஒன்று எனக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், குளிரிலும்கூட. நனைந்தபடி மடித்துவிட்டால் வீடு திரும்பியதும் விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். கறுப்புப் புள்ளி விழுந்த துணியை எதைப் போட்டுத் தேய்த்தாலும் பழையபடி ஆகாது.

துணிக்குப் பருத்தி கலந்த கேன்வாஸ்தான் என் தேர்வு. நைலானைவிடக் கனம், ஆனால் மூச்சு விடும். புதிதாகத் தைத்ததும் ஓரிரு முறை நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். பருத்தி நூல் ஊறிப் பருத்து ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

தேய்மானம் கீல் ஓரத்தில்தான் அதிகம். துணி ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மடிவதால், அங்கே இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் தொடும் இடத்தில், குறிப்பாகக் கடல் காற்றில், வெள்ளைப் பொடி பூக்கும். நைலான் வாஷரும் கொஞ்சம் கிரீஸும் போதும். கிராஸ்பார் போல்ட்டுகளைக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது என் வழக்கம், அதிர்வில் தளர்கின்றன.

ஓட்டும்போது காற்றுச் சத்தமும் எரிபொருள் செலவும் கூடும், வளைவுகளில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாயும். மொத்த உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். தாழ்வான பார்க்கிங் வாசலில் அது உதவுகிறது.

அப்புறம், அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கு இது அருமை. ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்கி, நடுவே காரை எடுத்து வெளியே போய் வருகிறவர்கள் தரைக் கூடாரமே வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் மடித்துக் கட்டினால்தான் கார் நகரும்.