கட்டணம் ஏறுகிறது, தண்ணீர் இறங்குகிறது: இங்கிலாந்துக் கால்வாய்ப் படகு வாழ்க்கையின் நீண்டகால அனுபவம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்ற குறுகிய படகு ஒன்றை வாங்கி, அதிலேயே பல ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். படகு வாங்க எண்ணும் நண்பர்கள் என்னிடம் விசாரிக்கும்போது, படகின் விலை, எஞ்சின், குளிர்காலத்தில் அடுப்பு எரிக்கும் செலவு ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இவற்றில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. என்னைப் போன்ற படகுக்காரர்களை வாட்டுவது கால்வாய்கள் பராமரிக்கப்படும் விதம்தான். உரிமக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. அதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய ஆழமும் தண்ணீரும் குறைந்துகொண்டே வருகின்றன. இங்கே கால்வாய்களைப் பல அமைப்புகள் நிர்வகிக்கின்றன. என் சொந்த அனுபவங்களைச் சொல்லும்போது இடத்தையும் பொறுப்பான அலுவலகத்தையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். ஏறக்குறைய எல்லாக் கால்வாய்களிலும் நிலைமை ஒன்றுதான் என்பதால், ஒரே ஓர் அலுவலகத்தின் மேல் பழி போடுவது நியாயமாகாது.

முதலில் படகைப் பற்றி. நேரோபோட்டின் அகலம் ஏழு அடிக்கும் சற்றுக் குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட குறுகிய லாக்குகளின் (படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகளின்) அகலம் ஏழு அடி என்பதால் இந்த அளவு நிலைத்துவிட்டது. என் படகு 57 அடி நீளம். எழுபது அடிப் படகில் வீடு விசாலமாக இருக்கும் என்றாலும், வடக்கே லீட்ஸ்-லிவர்பூல் போன்ற கால்வாய்களில் லாக் நீளம் குறைவு என்பதால், எங்கும் போய்வர விரும்புகிறவர்கள் 57 அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கும் போய்வரலாம் என்பதுதான் இந்த வாழ்க்கைக்காக நாங்கள் கட்டும் பணத்தின் முழுப் பொருளும்.

லாக் என்பது கால்வாயில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கும், பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டி. அதன் இரு முனைகளிலும் மரக்கதவுகளும், அருகே தண்ணீரை விடுவதற்கு மதகுகளும் உண்டு. எல் வடிவ இரும்புக் கைப்பிடியைப் பற்சக்கரத்தில் மாட்டிச் சுழற்றினால் மதகுப் பலகை உயர்ந்து தண்ணீர் பாயும். இரண்டு பக்கத்து நீர்மட்டமும் சமமானால்தான் கதவு திறக்கும். படகு வாங்குமுன் எனக்கு யாரும் சொல்லாத செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. மேல்கதவு தேய்ந்து ஒழுகத் தொடங்கிவிட்டால், கீழே மதகைத் திறந்து தொட்டியைக் காலி செய்யும் அதே வேளையில் மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருப்பதால், மட்டம் கடைசி நான்கு விரற்கடை இறங்காமல் நின்றுவிடும். அந்த நான்கு விரற்கடைத் தண்ணீரின் எடை முழுவதும் கீழ்க்கதவை அழுத்திக்கொண்டிருக்கும். கதவிலிருந்து நீளும் பெரிய மரக்கையில் முதுகைச் சாய்த்து, தரையில் பதித்திருக்கும் செங்கல் வரிசையில் காலை ஊன்றித் தள்ள வேண்டும். இருவர் இருந்தால் முடிந்துவிடும். தனியாக வருகிறவர் அடுத்த படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதோடு ஒரு பக்க மதகு பழுதானால் தொட்டி நிரம்பும் நேரம் இரட்டிப்பாகும். பழுதான மதகில் நாடாவைச் சுற்றி, பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார்கள். என் வழக்கமான பாதையில் அப்படித் தொங்கிய ஓர் அட்டை, வெயிலில் எழுத்து மங்கி, பின்னர் புது அட்டையாக மாற்றப்பட்டதைப் பார்த்தேன். மதகு மட்டும் அப்படியே இருந்தது. கதவு செய்வது எளிய வேலையன்று என்பதை நான் அறிவேன். ஓக் மரத்தில், ஒவ்வொரு லாக்குக்கும் தனித்தனி அளவெடுத்து, பிராட்லி, ஸ்டான்லி ஃபெர்ரி ஆகிய இரு பட்டறைகளில் செய்கிறார்கள். ஒரு கதவின் ஆயுள் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள். எப்போது தேயும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பொருளை, அது உடையும்வரை தள்ளிப்போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தூர்வாராமல் விடுவது இதைவிடப் பெரிய குறை, ஆனால் கரையில் நடப்பவர் கண்ணுக்குப் படாத குறை. மேலிருந்து பார்த்தால் கால்வாய் நிறையத் தண்ணீர் இருப்பதுபோலத்தான் தோன்றும். படகின் பின்பகுதி இரண்டு அடிக்கும் சற்று மேல் ஆழத்தில் அமிழ்ந்திருக்கும். நடுவில் ஓடும்வரை சிக்கல் இல்லை. எதிரே ஒரு படகு வந்தால், இருவரும் அவரவர் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது விதி. அந்த வலப்பக்கத்தில்தான் பல ஆண்டு வண்டல் படிந்து கிடக்கிறது. ஒதுங்கிய உடனே சுக்கான் கையில் கனக்கும், எஞ்சின் சத்தம் மாறும், பின்னால் கறுப்புச் சேறு கொப்பளிக்கும், படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிடும். பிறகு கூரையில் வைத்திருக்கும் நீண்ட கழியை எடுத்துக் கரையை ஊன்றித் தள்ளி, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, மெல்ல மெல்ல மீட்க வேண்டும். இப்படித் தரைதட்டும்போது சேற்றில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளும் கம்பிகளும் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, பின்தளத்துக்கு அடியில் உள்ள சிறிய மூடியைத் திறந்து, தோள்வரை கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். ஜனவரி மாதத் தண்ணீரில் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு, தூர்வாரும் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இனித் தண்ணீர். குறுகிய லாக் ஒன்றில் ஒருமுறை படகு இறங்கினாலே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போய்விடும். மேட்டுப்பகுதிக் கால்வாய்க்கு அதை ஈடுகட்ட நீர்த்தேக்கங்களே வழி. விக்டோரியா காலத்துக்கும் முற்பட்ட அணைகள் இன்னும் அந்த வேலையைச் செய்கின்றன. 2019 ஆகஸ்ட்டில் பெருமழையில் டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் உபரிநீர்ப் போக்கி சேதமடைந்து, கீழே இருந்த வேலி பிரிட்ஜ் என்ற சிற்றூரிலிருந்து ஏறக்குறைய 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது பெரும் பேறு. அந்தத் தேக்கம் காலி செய்யப்பட்டது. பல ஆண்டுகள் கடந்தும் அது பழைய நிலைக்கு வராததால், அதிலிருந்து நீர் பெற்ற பீக் ஃபாரஸ்ட், மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாய்கள் வறட்சிக் காலத்தில் அடிவாங்கின. 2025 வசந்தகாலம் இங்கிலாந்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் மிக வறண்ட வசந்தமாக அமைந்தபோது, மே மாதமே லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதி மூடப்பட்டது. கோடை நகர நகர வேறு பல கால்வாய்களிலும் லாக்குகளுக்குப் பூட்டு விழுந்தது. மழை பொய்த்ததற்கு யாரையும் குறைகூற முடியாது. ஆனால் கதவுகள் இரவு பகலாக ஒழுகும் கால்வாயில், தண்ணீரைச் சேமியுங்கள் என்று படகுக்காரரிடம் மட்டும் கேட்பது எப்படிப் பொருந்தும்?

கரை உடைப்பு அடிக்கடி நிகழ்வதில்லை, நிகழ்ந்தால் பாதிப்பு நெடுநாள் நீடிக்கும். 2025 புத்தாண்டு நாளில், தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமான பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரை, கனமழைக்குப் பின் லிட்டில் பொலிங்டன் அருகே உடைந்தது. அது செஷயர் வளையம் எனப்படும் புகழ்பெற்ற சுற்றுப்பாதையின் ஒரு கண்ணி. ஓரிடத்தில் அறுந்ததால் சுற்று முழுவதும் அறுந்தது.

அன்றாட வசதிகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. குடிநீர்க் குழாய், கழிவுத்தொட்டி காலி செய்யும் இடம், குப்பைத்தொட்டி ஆகிய மூன்றும் இல்லாமல் படகில் குடும்பம் நடத்த முடியாது; இவற்றுள் ஒன்று மூடப்பட்டால் அடுத்த இடம் சாலை வழியில் பத்து நிமிடமாக இருக்கலாம், மணிக்கு நான்கு மைல் உச்சவேகத்தில் லாக்குகளையும் கடந்து போகிறவருக்கு அது ஒரு முழுநாள். மூடுகிற முடிவை எடுப்பவர்கள் வரைபடத்தில் தூரத்தைப் பார்க்கிறார்களே தவிர, நேரத்தைப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நிலைக்கு வேர் பணத்தில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை நிர்வகித்து வந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பின் பொறுப்பு, 2012 ஜூலையில் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. அரசு பதினைந்து ஆண்டுகளுக்கு மானியம் தர ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தம் 2027-இல் முடிகிறது. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளுக்கு 40.1 கோடி பவுண்டு மானியம் என்று 2023-இல் அரசு அறிவித்தது. ஆண்டுக்கு ஆண்டு அத்தொகை குறைந்துகொண்டே போகும். விலைவாசி உயர்வையும் கணக்கிட்டால் இது 30 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட வெட்டு என்று அறக்கட்டளையே சொன்னது. ஆகவே முதல் பொறுப்பு அரசுடையது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வெள்ள நீரை வடிக்கவும், லட்சக்கணக்கானவர்கள் நடக்கவும், சைக்கிள் ஓட்டவும் பயன்படும் ஒரு பொதுச்சொத்தைப் பாதுகாக்கும் செலவை, ஏறக்குறைய 35,000 படகுகளின் சொந்தக்காரர்கள் தலையில் இறக்கிவிட முடியாது.

ஆனால் வெட்டு வந்தபின் அந்தச் சுமையை எப்படிப் பங்கிடுவது என்று முடிவெடுத்ததில் அறக்கட்டளை நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. 2024 ஏப்ரல் முதல், நிலையான நிறுத்துமிடம் இல்லாமல் பயணம் செய்துகொண்டே இருக்கும் படகுகளுக்கு உரிமத்தில் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. முதலாண்டு 5 சதவீதம், படிப்படியாக உயர்ந்து 2028-இல் 25 சதவீதம். அகலமான படகுகளுக்கும் கூடுதல் கட்டணம் ஏறியது. தொடர்ந்து பயணிப்பவர்கள் கால்வாயையும் வசதிகளையும் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்பதற்கு அது நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், நிறுத்துமிடம் இல்லாத படகு உண்மையான பயணத்துக்குப் பயன்படுத்தப்பட வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது. அதாவது நகரச் சொல்வது சட்டம்; நகர்கிறாய் என்பதற்காகவே கூடுதல் பணம் கேட்பது நிர்வாகம். எவ்வளவு தூரம் நகர்ந்தால் போதும் என்று சட்டத்தில் எந்த அளவும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், முதியவர்கள், நோயுற்றவர்கள் ஆகியோர் உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தெளிவின்மையின் கீழ்தான் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டணத்தால் விளைந்த பெருங்கேடு என்று நான் கருதுவது வேறொன்று. நிறுத்துமிடத்துக்குப் பணம் கட்டுகிறவர்களும் கட்டாதவர்களும் ஒருவரையொருவர் குறைசொல்லத் தொடங்கிவிட்டார்கள். முன்பெல்லாம் லாக்கில் சந்தித்தால் மதகைப் பற்றியும் வண்டலைப் பற்றியும் பேசிக்கொள்வோம். இப்போது யார் எவ்வளவு கட்டுகிறார் என்பதே பேச்சாகிறது. ஒழுகும் கதவு இருவருக்கும் ஒரே கதவுதான். படகுக்காரர்கள் ஒன்றுபட்டு நின்றால் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு 1946-இல் தொடங்கப்பட்ட உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் சான்று. கைவிடப்பட்ட கால்வாய்களை மீட்கச் சொல்லி அது நடத்திய இயக்கம் இல்லாவிட்டால், இன்று குறைசொல்லக்கூட நமக்குக் கால்வாய்கள் மிஞ்சியிருக்காது. 2023-இல் மானிய வெட்டை எதிர்த்துப் பல அமைப்புகள் கூட்டாக எழுப்பிய குரலும் அதே வழியில் வந்தது. அந்தக் குரல் உரிமக் கட்டணச் சச்சரவில் அமுங்கிவிடக் கூடாது.

களத்தில் நிற்பவர்கள் மேல் எனக்குச் சிறிதும் மனத்தாங்கல் இல்லை. வாரத்தில் சில நாள் நீலச்சட்டை அணிந்து லாக்கில் வந்து நிற்கும் தன்னார்வத் தொண்டர்கள் பலர் ஓய்வுபெற்றவர்கள். கொட்டும் மழையில் விழுந்த மரத்தை அறுத்து வழிவிட்ட பணியாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறையைச் சொன்னால், எங்களுக்கும் தெரியும், போன ஆண்டே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பார்கள்.

படகு வாங்க எண்ணுகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. வாங்குமுன், நீங்கள் போக விரும்பும் கால்வாயில் ஒரு வாரமாவது வாடகைப் படகில் ஆகஸ்ட் மாதத்தில் போய்ப் பாருங்கள்; தண்ணீர் குறைந்திருக்கும் அந்த மாதத்தில்தான் உண்மை நிலை தெரியும். குளிர்காலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காக மூடப்படும் லாக்குகளின் பட்டியலைப் பார்த்து, எந்தப் பக்கம் சிக்கிக்கொள்வது பரவாயில்லை என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஆண்டு உரிமத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும். அதோடு காப்பீடும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழும் கட்டாயம். நிறுத்துமிடம் இல்லாமல் இருக்கப்போகிறவர்கள் 2028-இன் கட்டணத்தை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்திடம் நான் எழுத்தில் கேட்டிருப்பது ஒன்றுதான். உரிமம் புதுப்பிக்கும் கடிதத்தோடு, கால்வாய்வாரியாக அந்த ஆண்டில் அளந்த ஆழம், தூர்வாரிய நீளம், பழுதாகி நிற்கும் மதகுகள், அவை எந்த மாதத்தில் சரிசெய்யப்படும் என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள் என்பதே அது. இன்னும் பதில் வரவில்லை. அடுத்த புதுப்பிப்பின்போதும் அதையே கேட்பேன். கட்டணம் கட்டும் மற்றவர்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.