பறவைப் படங்களுக்கு பென்க்யூ எஸ்டபிள்யூ270சி

மானிட்டர் பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்களில் படம் திருத்துபவருக்கு உதவுவது கொஞ்சம்தான். ரெஃப்ரெஷ் ரேட், ரெஸ்பான்ஸ் டைம் எல்லாம் கேம் ஆடுபவர்களுக்கு. நமக்கு வேண்டியது வேறு: இன்றைக்குப் பார்த்த சாம்பல் நிறம் ஆறு மாதம் கழித்தும் அதே சாம்பலாக இருக்க வேண்டும், திரையில் பார்த்தது பிரிண்டிலும் வர வேண்டும். இந்த 27 அங்குல மானிட்டரை அப்படித்தான் எடைபோடுகிறேன். நான் எடுப்பது பெரும்பாலும் பறவைகள். பிரிண்டும் நானே போடுகிறேன்.

இதன் முதல் பலம், அடோபி ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் (காட்டக்கூடிய நிறங்கள் இவை என்று வகுத்த வரையறை) அடங்கும் நிறங்களில் 99 சதவீதத்தைக் காட்டுவது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லை, அன்றைய பிக்சர் டியூப் மானிட்டர்களை மனதில் வைத்து வகுத்தது. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி, பச்சையிலும் நீலப்பச்சையிலும் அதைவிட அகலம். வெயிலில் எடுத்த மீன்கொத்தியின் முதுகில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எஸ்ஆர்ஜிபி மட்டுமே காட்டும் திரையில் அந்த முதுகு ஒரே நீலமாக அப்பிக் கிடக்கும். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இடம் லேசில் அசையாது. இந்த மானிட்டரில் அதே படத்தின் ரா ஃபைலை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பை) திறந்தால் இறகிழைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. நீலம் எங்கே பச்சைக்கு நழுவுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் இந்த நிறங்களில் பலவற்றைத் தாளில் கொண்டுவந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நிறத்தை எப்படித் திருத்துவது?

ஆனால் நிற எல்லையைவிட முக்கியமானது பிரைட்னஸ். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்த மானிட்டர் சதுர மீட்டருக்கு 300 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை எரியும். அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருத்தினால், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று படத்தை இருட்டாக்கிவிடுவோம்; பிரிண்ட் கறுத்து வரும், பழி பிரிண்டர் மேல் விழும். நான் வெளிச்சம் 100 கேண்டெலா, வெள்ளையின் சாயலைக் குறிக்கும் நிற வெப்பநிலை 6500 கெல்வின், நடுத்தர நிறங்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2 என்று வைத்திருக்கிறேன். அறை வெளிச்சத்தைப் பொறுத்து 80 முதல் 120 வரை யாருக்கும் சரிவரும்.

இந்த அளவுகளைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது. திரைமேல் வைத்து அளக்கும் கேலிப்ரேட்டர் கட்டாயம் வேண்டும். இங்கேதான் இந்த மானிட்டர் சாதாரண மானிட்டர்களிலிருந்து விலகி நிற்கிறது. மற்றவற்றில் திருத்தம் கிராபிக்ஸ் கார்டில் நடக்கும். அதனால் வானம் போன்ற மென்மையான பரப்புகளில் படிப்படியாகக் கோடு விழ வாய்ப்புண்டு. இதில் திருத்தம் மானிட்டருக்கு உள்ளேயே, எந்த நிறத்தை எப்படித் திருத்திக் காட்டுவது என்று நுணுக்கமாகக் குறித்துவைக்கும் 16 பிட் அட்டவணையில் பதிவாகிறது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் பட்டையைத் திரை முழுக்க விரித்துப் பார்த்தேன். இடையில் எங்கும் இளஞ்சிவப்போ பச்சையோ எட்டிப்பார்க்கவில்லை. அளக்கும் முன் மானிட்டரை அரை மணி நேரமாவது எரியவிடுங்கள்.

எந்த மானிட்டர் வாங்கினாலும் இன்னொரு சோதனை செய்யுங்கள். திரை முழுவதும் நடுத்தரச் சாம்பலை நிரப்பி, இரண்டடி தள்ளி நின்று நான்கு மூலைகளையும் பாருங்கள். ஒரு மூலை மஞ்சளாகவோ மங்கலாகவோ தெரிந்தால், திருப்பிக் கொடுக்க முடிகிற நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் வேறுபாடு உண்டு. எனக்கு வந்தது நன்றாக இருக்கிறது. கூடவே வரும் கறுப்பு ஹூட் (திரையின் ஓரங்களில் மாட்டும் மறைப்பு), ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் திரையில் விழாமல் தடுக்கிறது. நான் அதைக் கழற்றுவதே இல்லை.

ரெசல்யூஷன் 2560 x 1440தான். 4கே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எழுத்து அவ்வளவு கூர்மையாக இருக்காது. ஷார்ப்பனிங் செய்யும்போது ஒவ்வொரு பிக்சலும் தெளிவாகத் தெரிவது எனக்கு வசதியாகவே இருக்கிறது. கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000:1. இரவு வானம் எடுப்பவர்களுக்குக் கறுப்பு கொஞ்சம் வெளிறித் தெரியும். பிரிண்டுக்கு இதுவே தாராளம். நல்ல பளபளப்புத் தாளிலும் 300:1ஐத் தாண்டுவது அரிது.

படங்களை இணையத்தில் மட்டுமே போடுபவர்களுக்கு இது தேவையில்லை. எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் மானிட்டர் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) ஒன்றை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் கேலிப்ரேட்டர் வாங்குங்கள். இதையே வாங்குவதானால், கலர் மேனேஜ்மென்ட் (படத்தின் நிறங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்டும் வசதி) இல்லாத மென்பொருளில் படம் பார்க்கும்போது மட்டும் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாறிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மனிதர்களின் முகமெல்லாம் வெயிலில் கன்றியதுபோல் சிவந்து தெரியும். மோடு மாற்ற மேசைமேல் வைத்துக்கொள்ளும் சின்ன வட்டமான கண்ட்ரோலர் கூடவே வருகிறது. ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.