விமான நிறுவனம் திவாலானால் டிக்கெட் பணம்: எந்தக் கதவைத் தட்டுவது?

2023 மே 2 அன்று கோ ஃபர்ஸ்ட் தானாகவே திவால் மனு போட்டது. மறுநாளிலிருந்து விமானங்கள் பறக்கவில்லை. முதலில் மூன்று நாளைக்கு ரத்து என்றார்கள். அப்புறம் தேதி தள்ளிக்கொண்டே போனது. பணம் கட்டிய வழியிலேயே முழுத்தொகையும் திரும்ப வரும் என்று அறிவிப்பும் வந்தது. மே 10 அன்று டெல்லியிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றுக்கொண்டதும் அந்த அறிவிப்புக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி பழைய பாக்கிக்காக யாரும் வழக்குப் போடவோ வசூலிக்கவோ முடியாது. பயணிகளுக்குப் பணம் கொடுக்க நினைத்தால்கூட அதற்குத் தீர்ப்பாயத்தின் அனுமதி கேட்க வேண்டிய நிலை.

இந்த இடத்தில் பயணிக்கு நாலைந்து வழிகள் தெரியும். எல்லாமே 'ரீஃபண்ட்' மாதிரிதான் இருக்கும். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அவற்றைப் பிரிப்பேன்: இந்தப் பணம் யார் பாக்கெட்டிலிருந்து வரப்போகிறது?

பலர் முதலில் போவது திவால் நடவடிக்கையைக் கவனிக்கும் தீர்வு நிபுணரிடம். பொது அறிவிப்பு வரும், படிவம் நிரப்பி டிக்கெட் நகலோடு அனுப்பலாம், செலவில்லை. ஆனால் பணம் வர வேண்டியது செத்த நிறுவனத்தின் பாக்கெட்டிலிருந்து. நிறுவனத்தைக் கலைத்து விற்கும்போது யாருக்கு முதலில் என்பதைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும், அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசு. ஆறாவது வரிசையில் 'மீதிக் கடன்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. நம் ஐயாயிரம் ரூபாய் அங்கேதான் நிற்கும். கல்யாணப் பந்தியில் ஆறாவது பந்திக்கு உட்காருகிறவருக்குப் பாயசம் மிஞ்சுமா என்பதுபோலத்தான்.

மிஞ்சுமா என்று பார்த்தால், விமான நிறுவனத்திடம் விற்க என்ன இருக்கிறது? விமானங்கள் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்தவை. கோ ஃபர்ஸ்டின் 54 விமானங்களின் பதிவை நீக்கும்படி 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குத்தகைக்கு விட்டவர்கள் அவற்றைக் கொண்டுபோகலாம் என்றாகிவிட்டது. 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவும் வந்தது. ஜெட் ஏர்வேஸ் கதை இதைவிட நீளம். 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானம் இறங்கியது, உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னது 2024 நவம்பர் 7 அன்று. நடுவில் ஐந்தரை வருடம்.

இதற்கு நேர் எதிர் 'சார்ஜ்பேக்'. கார்டில் கட்டியிருந்தால் நம் வங்கியிடம் "சேவை கிடைக்கவில்லை" என்று புகார் கொடுப்பது. நம் வங்கி அந்தத் தொகையை, விமான நிறுவனத்துக்காகக் கார்டுப் பணத்தை வசூலித்துக் கொடுத்த வங்கியிடம் கேட்கும். அந்த வங்கி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும், நிறுவனம் திவால் என்றால் நஷ்டம் அந்த வங்கிக்கு. அதாவது வரிசையில் நிற்கும் வேலை நமக்குப் பதில் ஒரு வங்கியின் தலையில் போகிறது. அதனால்தான் இது வேலை செய்கிறது.

காலக்கெடு முக்கியம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள். டிக்கெட் வாங்கிய தேதியிலிருந்து அல்ல, பயணம் செய்திருக்க வேண்டிய தேதியிலிருந்து. "சீக்கிரம் மறுபடி பறப்போம்" என்ற அறிவிப்புகளை நம்பிக் காத்திருந்தால் இந்த நாட்கள்தான் கரையும்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று. நின்றுபோன ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) நானும் என் மச்சானும் ஒரே விமானத்துக்குத் தனித்தனியாக டிக்கெட் போட்டிருந்தோம். நான் கிரெடிட் கார்டில், அவர் யுபிஐயில். வங்கிக்குப் போன் போட்டபோது அந்தப் பெண், "சார், கேன்சல் பண்ணி ரீஃபண்ட் வரலையா, இல்ல சர்வீஸே கிடைக்கலையா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்று முதலாவதைச் சொல்லிவிட்டேன். பத்து நாளில் புகார் திரும்பி வந்தது. ரீஃபண்ட் தருவதாக வியாபாரி ஒப்புக்கொண்ட ரசீது எங்கே என்று கேட்டிருந்தார்கள். மறுபடி படிவம் போட்டு, 'சேவை கிடைக்கவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, டிக்கெட், விமானம் ரத்தான மெயில், செய்தி நறுக்கு மூன்றையும் இணைத்தேன். இந்த முறை போனது. அதனால் சொல்கிறேன்: அவசரப்பட்டு நீங்களே டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதீர்கள். ரத்து செய்தது அவர்கள் என்று இருக்கும்வரைதான் உங்கள் வாதம் சுத்தமாக இருக்கும்.

டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு. பலருக்கு இது தெரியாது, சில கிளைகளில் கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாது. ஒரே வித்தியாசம், முடிவு வரும்வரை நம் கணக்கிலிருந்து போன பணம் போனதுதான். கிரெடிட் கார்டில் பெரும்பாலும் தற்காலிகமாக வரவு வைப்பார்கள். யுபிஐயிலும் புகார் போடலாம், ஆனால் கார்டு அளவுக்குப் பழகிய பாதை இல்லை. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ சொன்ன பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மேலான புகார்களைத் தீர்க்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது.

முகவர் மூலமோ இணையதளம் மூலமோ வாங்கியவர்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே விமான நிறுவனத்தின் பெயருக்குப் பதில் இணையதளத்தின் பெயர் இருந்தால், சார்ஜ்பேக் போய் விழுவது உயிரோடு இருக்கும் ஒருவர்மேல். திவால் சட்டத்தின் தடை அவர்களைக் காப்பாற்றாது. ஆனால் "அங்கிருந்து வந்தால் தருகிறோம்" என்று அவர்கள் கை விரிப்பது வழக்கம், சின்ன முகவர் என்றால் அவருடைய பணமே அங்கே மாட்டியிருக்கும். நுகர்வோர் ஆணையம் போகலாம் என்றாலும், விமான நிறுவனத்தின் மேல் போடும் வழக்கு தடையில் நின்றுவிடும்.

பயணக் காப்பீட்டை நான் நம்புவதில்லை. நிறுவனம் திவாலானால் ஈடு உண்டு என்று பாலிசியில் எழுத்தில் இருந்தால் சரி, 'விமானம் ரத்து' என்ற பொதுவான வரி போதாது. செய்தி வெளியான பிறகு வாங்கும் பாலிசி எதற்கும் உதவாது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கும் சேவைக்கும் கிரெடிட் கார்டு வங்கியையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. நம்முடையது கார்டு நிறுவனங்களின் விதி, அங்கே அது சட்ட உரிமை. தொகுப்புச் சுற்றுலா வாங்குகிறவருக்கு ஏட்டால் என்ற பாதுகாப்பு தனியாக உண்டு, ஒரு பயணிக்கு 2.50 பவுண்டு வீதம் சுற்றுலா நிறுவனங்கள் நிதிக்குக் கட்டுகின்றன. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் மூடியபோது அந்த நிதிதான் கைகொடுத்தது. இங்கே அப்படி ஒரு நிதி இல்லை.

எனக்குப் பணம் வர இரண்டு மாதம் ஆனது. மச்சான் தீர்வு நிபுணருக்கு அனுப்பிய படிவத்துக்கு, கோரிக்கை பெறப்பட்டது என்று ஒரு மெயில் வந்தது. அதை இன்னும் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்.