தயாரான படைப்பை அழைப்பதா, புதியதற்குக் கைகொடுப்பதா?

தற்கால நடன விழா நடத்துபவர் முன்னால் இரண்டு வழிகள்: ஏற்கெனவே அரங்கேறிய படைப்பை அழைக்கலாம், அல்லது நடன அமைப்பாளருக்கு முன்பணம் கொடுத்துப் புதிதாக உருவாக்கச் சொல்லலாம்.

முதல் வழியில் பதற்றம் குறைவு. வீடியோ பார்த்தாயிற்று, எத்தனை நிமிடம் என்று தெரியும், விளக்கு அமைப்பும் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும்.

இரண்டாவதில், என்ன வரப்போகிறது என்று அந்தக் கலைஞருக்கே தெரியாது. ஆனால் மேடையில் ஒரு மணி நேரம் ஓடும் படைப்புக்குப் பின்னால் வாரக்கணக்கில் ஒத்திகை இருக்கிறதே! காட்சிக்கு மட்டும் சம்பளம் கொடுத்தால், அந்த வாரங்களைக் கலைஞர்கள் சொந்தக் காசில்தான் ஓட்டுகிறார்கள். முழங்காலில் டேப் சுற்றிக்கொண்டு சிமெண்ட் தரையில் விழுந்து எழுவதைப் பார்த்தால் மனசு கேட்காது. மரத்தரை போட்ட கூடம் மூன்று வாரம் கிடைத்தாலே, பயமில்லாமல் குதிக்கிறார்கள், அசைவே மாறிவிடுகிறது. பிரான்ஸில் 1984இல் தொடங்கிய தேசிய நடன மையங்கள் தருவதும் இந்த இடத்தையும் நேரத்தையும்தான்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. பணம் போதவில்லையா? பத்துப் படைப்புகளுக்குப் பதில் எட்டோடு நிறுத்தி, மிச்சத்தை ஒருவரின் ஒத்திகைக்குக் கொடுங்கள். வேறு இரண்டு விழாக்களும் செலவில் பங்கெடுத்தால், அரங்கேறும் முன்பே அந்தப் படைப்புக்கு மூன்று மேடைகள் உறுதி.