இன்ஜின் வேலைக்கு விட்ட காரும் போன 19,000 ரூபாயும்

ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது. கோவையில் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் கடைசியில் எழுதுகிறேன்.

கடைப் பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற, கண்ணாடி ரூம் போட்ட பெரிய ஒர்க்‌ஷாப். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவில் இருக்கும் சீல்) போனதால் விட்டேன். அந்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். கழற்றிய கேஸ்கெட்டைக் கையில் கொடுத்து, எரிந்துபோன இடத்தை விரல் வைத்துக் காட்டினார் ஓனர். "அக்கா, அம்மாவை டயாலிசிசுக்குக் கூட்டிட்டுப் போற வண்டிங்க, பாதி வழியில நிக்க விடுவேனுங்களா?" என்றார். பாதிப் பணத்தை வண்டி ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள் என்றும் சொன்னார். இப்படிப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?

வண்டியை எடுத்து வந்த அன்று இரவே ஹெட்லைட் மங்கியது, ஸ்டீயரிங் கனத்தது, பேட்டரி விளக்கு எரிந்தது. காலையில் சாவியைத் திருகினால் டக் டக் என்ற சத்தம்தான், செல்ஃப் எடுக்கவில்லை.

"பேட்டரி வயசாயிடுச்சுங்க" என்றார் ஓனர். புது பேட்டரி 5,800. சில நாள் ஓடியது, மறுபடி அதே கதை. "அப்ப டைனமோதான்." வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது அதுதான். அதற்கு 13,200. ஆக 19,000 ரூபாய். பில் கேட்டதற்கு, "மொத்தமாப் போட்டுத் தர்றேங்க" என்றார்கள், தரவே இல்லை. பழைய டைனமோவைக் கேட்டால் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். அதன் பிறகும் வண்டி நின்றது. இப்போது ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், 26,000 ஆகும் என்கிறார்கள்! அதுவரை ஒருவர்கூட மீட்டர் எடுத்து வைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்தது இவ்வளவுதான். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்கூட வரக் கூடாதாம். ஜம்பர் கேபிளில் நெகட்டிவையும் இன்ஜினையும் நேரடியாக இணைத்தார், வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. கீழே பார்த்தால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டைப் பாதி திருகி விட்டிருக்கிறார்கள், உள்ளே கிரீஸ் வேறு. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், செல்ஃப் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர அந்த ஒயர்தான் வழி. டைனமோவுக்கும் அதே வழிதான். அது சரியில்லை என்றால் எத்தனை பேட்டரி மாற்றி என்ன பயன்? சுத்தம் செய்து முறுக்கிவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

போட்டோ எடுத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. போன் செய்தால், "ஓனர் வெளிய போயிருக்காருங்க". நேரில் போனால், "நாங்க இன்ஜின் வேலைதான் பார்த்தோம், ஒயரிங் எங்க கணக்கு இல்லைங்க". அப்படியென்றால் என் 19,000 ரூபாய்? "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க அக்கா." அன்று அம்மாவைப் பற்றி உருகிய அதே ஆள் இன்று முகத்தைப் பார்த்தே பேசவில்லை.

எழுத உட்கார்ந்தால் திரும்பவும் ஆத்திரம்தான் வருகிறது, அதனால் சுருக்கமாக. இன்ஜின் வேலை முடிந்து கரன்ட் கோளாறு வந்தால், கழற்றி மாட்டிய எர்த் ஒயரையும் கனெக்டர்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும். மீட்டர் வைக்காமல் பொருள் மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். பழைய பொருளைக் கையில் வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

19,000-க்கும் என்னிடம் ஜிபே ரசீது இருக்கிறது, எலக்ட்ரீஷியன் எடுத்த மீட்டர் படமும் இருக்கிறது. இரண்டையும் வைத்து நாளைக்குப் புகார் கொடுக்கிறேன்.